வால்

மாமு கடையில் தொங்கும் ஆட்டில் வால் மட்டும் உரிக்காமல் இருக்கும். உடம்பு முழுக்கத் தோல் போய்ச் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்க, பின்னால் ஒரு பிடி கறுப்பு மயிர். உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டுத் தொப்பியை மட்டும் மறந்துபோன ஆள் மாதிரி. சின்ன வயதில் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். "அத மட்டும் ஏன் மாமு விட்டு வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வெள்ளாடுன்னு தெரியணும்ல. வாலு இல்லாட்டி செம்மறிய அறுத்துட்டு வெள்ளாட்டு வெலைக்கு விக்கிறான்னு சொல்லிருவாய்ங்க" என்றார்.

கடை சித்தையன்கோட்டையில். செம்பட்டிக்குப் பக்கத்தில், வயலும் தென்னையுமாக இருக்கும் பேரூராட்சி. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு ஆடு, விசேஷ நாள் என்றால் நான்கு. ஆடு வாங்க வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போவார். அங்கே தரகரும் அவரும் ஒரு துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ரசீது கிடையாது. சந்தையில் நடந்த எதற்கும் காகிதம் இல்லை. கடைக்கு வந்த பிறகு மிஞ்சுகிற ஒரே அத்தாட்சி அந்த வால்தான்.

2018 நவம்பர் 17ஆம் தேதி சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோவுக்கு மேல் இறைச்சியைப் பிடித்தார்கள். ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த சரக்கு. மீன் என்று பதிவு செய்திருந்தார்கள். பிடித்த கொஞ்ச நேரத்தில் அது நாய்க்கறி ஆகிவிட்டது. காரணம் வால். ஆட்டுக்கு இவ்வளவு நீளமாக வால் இருக்காது என்றார்கள். ராஜஸ்தான் ஆட்டுக்கு வால் நீளம் என்று வியாபாரிகள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு அது ஆட்டிறைச்சி என்று சொன்னது. அதற்குள் வாட்ஸ்அப்பில் நாய்க்கறி பிரியாணி ஊர் ஊராகப் போயிருந்தது. சந்தேகம் எந்தக் கடைகளின் மேல் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் மாமு போன் செய்தார். "மாப்ள, இத்தன வருசமா இந்த வால ஒருத்தனும் பாத்ததில்ல. இப்ப எல்லாரும் வாலப் பாத்துட்டுத்தான் கறி வாங்குறாய்ங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று இரண்டு ஆட்டில் ஒன்று அப்படியே மிஞ்சியிருந்தது.

நான் சிரிக்கவில்லை. இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு குதிரையால்தான்.

2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைகளில் விற்கும் மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. 27 மாதிரிகளில் 10இல் குதிரையின் டிஎன்ஏ இருந்தது. டெஸ்கோவில் விற்ற ஒரு பர்கரில், இறைச்சியில் 29 சதவீதம் குதிரை. அடுத்த மாதம் ஃபிண்டஸ் நிறுவனத்தின் லசான்யாப் பொட்டலங்கள் மாட்டின. சிலவற்றில் மாடே இல்லை, முழுக்கக் குதிரை.

அந்தக் குதிரை வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் தலை சுற்றும். லசான்யா செய்தது லக்சம்பர்க்கில், கோமிஜெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆலை. அவர்களுக்கு இறைச்சி விற்றது தெற்கு பிரான்சில் ஸ்பாங்கெரோ. அவர்களுக்கு விற்றது சைப்ரஸில் பதிவு செய்த ஒரு வணிக நிறுவனம், சரக்கு கிடந்ததோ நெதர்லாந்தின் குளிர்சாதனக் கிடங்கில். ஆரம்பம் ருமேனியாவின் கசாப்புக் கூடங்கள். அங்கே சட்டப்படி குதிரையை அறுத்து, குதிரை என்றே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வழியில் எங்கோ ஒரு மேசையில் அது மாடானது. சைப்ரஸ் நிறுவனத்தின் பெயர் ட்ராப். டச்சு மொழியில் குதிரைக்குப் பார்ட் என்று பெயர். அந்தச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதினால் ட்ராப். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருடியிருக்கிறார்கள். 2019இல் பாரிஸ் நீதிமன்றம் இந்த வழக்கில் சிறைத் தண்டனை கொடுத்தது.

குதிரை தின்பதில் என்ன தப்பு என்று பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கேட்பார்கள். அங்கே அது விற்கும் சரக்கு. பிரச்சினை மருந்து. ஃபீனைல்பியூட்டசோன் என்று ஒரு வலி நிவாரணி குதிரைக்குக் கொடுப்பார்கள். மனிதன் தின்னும் எந்த மிருகத்துக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பாஸ்போர்ட். இந்த மருந்து கொடுத்தாயிற்று என்றால் அதில் ‘உணவுக்கு ஆகாது’ என்று எழுதிவிட வேண்டும். 2013 ஜனவரி 30 முதல் ஒரு வாரம் பிரிட்டனில் அறுபட்ட 206 குதிரைகளைச் சோதித்தார்கள். 8இல் அந்த மருந்து இருந்தது. எட்டும் பாஸ்போர்ட் உள்ள குதிரைகள்தான். பிரிட்டனில் எல்லாக் குதிரைகளின் விவரத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்த தேசியத் தரவுத்தளத்தை, அரசுப் பணம் நின்றுபோனதால், 2012இல் மூடியிருந்தார்கள். சில மாதத்தில் இந்த விவகாரம் வெடித்தது. சர்வரை அணைத்துவிட்டு மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடும் மேலாளர்களை நானும் பார்த்திருக்கிறேன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது.

இந்தக் கலவரத்தில் ஐரோப்பிய இறைச்சி நிறுவனங்கள் எல்லாம் தடமறியும் மென்பொருள் கேட்டு அலைந்தன. அதில் ஒரு வேலை சென்னையில் நான் இருந்த கம்பெனிக்கு வந்தது. 2014. எனக்குத் திருமணமாகாத காலம், இரவு பன்னிரண்டு மணிவரை அலுவலகம், சாப்பாடு கீழே தள்ளுவண்டியில். நான் செய்தது இரண்டு திரைகள். முதலாவது, சரக்கு உள்ளே வரும்போது நிரப்புவது: எடை, அனுப்பியவர் எண், அறுத்த கூடத்தின் எண், இனம். இனம் என்பதில் ஆறு தேர்வுகள். ஒன்றும் தொடாவிட்டால் முதலில் இருக்கும் ‘மாடு’ நிற்கும். குளிரில், கையுறை போட்ட ஒரு தொழிலாளி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, அந்தத் திரையைத் தொட்டு இனத்தை மாற்றுவார் என்று நாங்கள் நம்பினோம். நம்பினோமா என்பதும் சந்தேகம்தான். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இரண்டாவது திரை எடைக் கணக்கு. உள்ளே வந்த மாட்டிறைச்சி இவ்வளவு, வெளியே போன மாட்டிறைச்சி இவ்வளவு. வெளியே போனது கூடுதலாக இருந்தால் வேறு எதுவோ நடுவில் சேர்ந்திருக்கிறது. மொத்த அமைப்பிலும் உருப்படியான சோதனை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ எழுதியதை இன்னொருவருக்குக் காட்டுவது. கணக்கு உதைத்தால் சிவப்பில் ‘பிழை’ என்று காட்டி, சரிபார்க்கும்வரை சரக்கை நிறுத்திவிடும்படி எழுதியிருந்தேன். மூன்றாவது வாரமே புகார் வந்தது. அடிக்கடி நிற்கிறதாம், லாரி காத்துக் கிடக்கிறதாம். தண்ணீர் சேரும், உறைபனி சேரும், எடையில் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும் என்று நீளமான விளக்கம். ‘பிழை’ என்பதை ‘எச்சரிக்கை’ ஆக்கச் சொன்னார்கள். ஆக்கினேன். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். சிவப்பு போய் மஞ்சள் முக்கோணம் வந்தது, சரக்கு நிற்காமல் போனது. அந்தத் திரையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. எனக்குப் பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது, அதை அத்தாவுக்குப் படித்துக்கூடக் காட்டினேன்.

அந்த மஞ்சள் முக்கோணத்தைத் தாண்டி என்ன போயிற்று என்று நான் கேட்டதே இல்லை. கேட்க ஒரு வழி இருந்தது. அறிக்கை எடுத்துப் பார்க்கும் அனுமதி எனக்கு இருந்தது.

எங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ராவுத்தர் என்ற சொல்லுக்குக் குதிரை வீரன் என்று பொருள். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிட்டிருக்கிறார். பாண்டியர் படையிலும் விஜயநகரப் படையிலும் குதிரை ஏறியவர்கள், குதிரை விற்றவர்கள் என்று பெருமை பேசுவோம். பெருமை பேச எங்களிடம் மிஞ்சிய குதிரை ஒன்றே ஒன்று. என் நன்னாவின் வண்டிக் குதிரை. செவலை நிறம், அதனால் பெயரும் செவலை. செம்பட்டி பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்கு ஆள் ஏற்றுவார். கல்யாண வீட்டுச் சாமான், அரிசி மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண்கள். நான் பிறந்து வீட்டுக்கு வந்ததே அந்த வண்டியில்தான் என்று அம்மா சொல்லும்.

1997இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. எங்கள் பக்கமும் ஓட ஆரம்பித்ததும் நன்னா வண்டியில் ஏற ஆளில்லை. அதே சமயம் செவலைக்கு முன்னங்காலில் வீக்கம், நொண்ட ஆரம்பித்தது. 1998இல், எனக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொட்டில் காலியாக இருந்தது. "பழனிக்கு வித்தாச்சுத்தா. அங்கன வண்டி இழுக்கும்" என்றார் நன்னா. பழனிதானே, பக்கத்தில்தானே என்று இருந்துவிட்டேன். ருமேனியாவில் பெரிய சாலைகளில் குதிரை வண்டி ஓடக்கூடாது என்று தடை வந்த பிறகு வேலையில்லாமல் போன குதிரைகள்தான் லசான்யாவுக்குப் போயின என்று 2013இல் ஒரு செய்தியில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோதுதான், பதினைந்து வருடம் கழித்து, நொண்டிக் குதிரை எப்படி வண்டி இழுக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு கொஞ்ச காலம் இரவில் சட்டம் படித்தேன். பொறியாளனுக்குச் சட்டம் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை, அதுவும் நிபந்தனைகளும் விதிவிலக்குகளும்தான். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் இதற்காகத் தனி மசோதா கொண்டுவந்து போராடி, அதன் தொடர்ச்சியாக வந்த சட்டம். 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவர்தான் தலைவர். சட்டத்தின் 11ஆவது பிரிவில் வதைக்கான தண்டனை, முதல் முறை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். திண்டுக்கல்லில் இன்றைக்கு 50 ரூபாய்க்கு ஒரு பிளேட் பிரியாணி கிடைக்காது.

கசாப்புக் கூடங்களுக்கு 2001இல் தனி விதிகள் வந்தன. நல்ல விதிகள், குறை சொல்ல முடியாது. அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஒரு மணி நேரத்தில் 12 மிருகத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, ஒரு நாளைக்கு 96க்கு மேல் கூடாது. மிருகத்துக்கு ஐந்து நிமிடம். சினையாக இருந்தால் அறுக்கக் கூடாது. ஒன்றின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் மாமுவிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்குடா கவர்மெண்டு? கத்தியவே ஆட்டுக்கு முன்னாடி தீட்டக் கூடாதுன்னு எங்கத்தா சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார். ஆனால் அந்த விதிகள் நாளைக்கு 10 மிருகமோ அதற்கு மேலோ அறுக்கும் இடத்துக்குத்தான். மாமுவின் இரண்டு ஆட்டை அவை எட்டிப் பார்ப்பதில்லை. மாமுவின் வாப்பாடு அவருடைய அத்தா சொன்னதிலும் அந்த வாலிலும்தான் நிற்கிறது.

குதிரைக்கு அதுவும் இல்லை. 2011இன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இறைச்சிக்கான மிருகங்களின் பட்டியல் இருக்கிறது: செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கூடவே கோழியும் மீனும். குதிரையும் கழுதையும் அதில் கிடையாது. ஆகவே குதிரையை அறுக்கக் கூடாது. அறுக்கக் கூடாது என்பதால் அறுக்கும் இடத்துக்கு உரிமம் இல்லை, பார்க்கும் மருத்துவர் இல்லை, ஐந்து நிமிடமும் இல்லை. (எங்கள் ஹனஃபி வழியிலும் குதிரைக்கறி வேண்டாத ஒன்று. ஷாஃபிகள் ஆகும் என்பார்கள். ஊரில் யாரும் இதை விவாதிக்குமளவுக்குக் குதிரையைக் கண்டதில்லை.)

இனி 1998இல் நன்னாவின் நிலைமையைச் சட்டப்படி பாருங்கள். நொண்டும் குதிரையை வண்டியில் பூட்டினால் குற்றம். பட்டினியில் சாகும்படி தெருவில் விட்டால் குற்றம். கறிக்கு அறுக்க வழியில்லை. மிச்சம் இரண்டுதான். வருமானம் நின்ற வீட்டில், அது தானாகச் சாகும்வரை கொள்ளும் புல்லும் போட வேண்டும். இல்லையென்றால், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் ஒருவனுக்கு விற்க வேண்டும். குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதற்கு 1978இன் விதிகளில் தனி அத்தியாயமே உண்டு, மருத்துவச் சான்று உட்பட. ஏற்றுகிற இடம்வரை சட்டம் வருகிறது. இறங்குகிற இடத்தில் யாரும் நிற்பதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பசுமாட்டின் காதில் இப்போது மஞ்சள் வில்லை தொங்குகிறது, 12 இலக்க எண்ணோடு. அதன் தடுப்பூசி, சினை ஊசி எல்லாம் கணினியில் ஏறுகிறது. செவலைக்கு அப்படி ஒரு எண் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கு மட்டும் ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. இரத்தம் எடுத்து, ஹிசாரில் இருக்கும் குதிரை ஆராய்ச்சி மையத்தில் உறுதி செய்து, நோய் இருந்தால் வலியில்லாமல் கொன்று புதைத்து, உரிமையாளருக்கு இழப்பீடு தருகிறார்கள். அதாவது மனிதனுக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் வந்தால் ஒரு குதிரையின் சாவுக்கு மருத்துவரும் கோப்பும் பணமும் உண்டு. கால் வீங்கினால் கிடையாது.

நாட்டில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019இல் 3 லட்சத்து 40 ஆயிரம். கழுதைகள் 61 சதவீதம் குறைந்திருந்தன. எல்லாமே கத்திக்குப் போயின என்று சொல்லவில்லை, ஆட்டோவும் செங்கல் சூளை எந்திரமும் வந்த பிறகு வளர்ப்பதும் குறைந்துவிட்டது. ஆனால் கழுதைகள் விஷயத்தில் கொஞ்சம் வெளியே தெரிந்தது. ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் பக்கம் கழுதைக்கறி வெளிப்படையாகவே விற்பதாக 2021இல் செய்திகள் வந்தன. கழுதைத் தோலைக் காய்ச்சிச் செய்யும் சீன மருந்துக்காகத் தோல் கள்ளத்தனமாகப் போவதை புரூக் இந்தியா அமைப்பு 2022இல் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. தடை இருக்கிற இடத்தில்தான் இத்தனையும்.

அமெரிக்காவில் இதை எண்ணிக்கையோடு பார்க்கலாம். அங்கே குதிரை அறுக்கும் கடைசிக் கூடங்கள் 2007இல் மூடின. மிருக நேசர்களுக்கு வெற்றி. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் போய்ப் பார்த்தது. 2006இலிருந்து 2010க்குள் கனடாவுக்கு அறுக்கப்போன குதிரைகள் 148 சதவீதமும், மெக்சிகோவுக்குப் போனவை 660 சதவீதமும் கூடியிருந்தன. 2010இல் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள். உள்நாட்டில் அறுபட்டுக்கொண்டிருந்த அதே அளவு, இப்போது இன்னும் அதிக தூரம் லாரியில் நின்றபடி. வழிப் பயணச் சான்றிதழ்கள் பலவற்றில் விவரங்களே நிரப்பவில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. கனடா 2010 முதல் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விவரத்தாள் கேட்டது. கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன மருந்து கொடுத்தோம் என்று உரிமையாளரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். விற்கிறவன் எழுதும் தாள். மருந்து கொடுத்தேன் என்று எழுதினால் விலை போகாது. மெக்சிகோவில் இதே மாதிரியான தாள்களை ஐரோப்பியத் தணிக்கையாளர்கள் நம்ப மறுத்தார்கள், 2015 ஜனவரியில் அங்கிருந்து குதிரைக்கறி இறக்குமதி நின்றது.

என் முதல் திரையும் அந்தத் தாளும் ஒன்றுதான். நிரப்புகிறவனுக்கு எது லாபமோ அது முன்கூட்டியே அதில் நிரம்பியிருக்கும்.

இதெல்லாம் புதுசா என்றால் இல்லை. 1535 வாக்கில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுக்கீசியக் குதிரை வியாபாரி பெர்னாவோ நூனிஸ், சாளுவ நரசிம்மர் காலத்து ஏற்பாடு ஒன்றை எழுதியிருக்கிறார். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பலில் வரும் குதிரைகளை அரசர் உயிரோடோ செத்தோ, மூன்று குதிரை ஆயிரம் பர்தாவ் என்று வாங்கினாராம். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கு உண்டான பணம். இதைப் படித்துவிட்டு மாமு கடையின் ஆட்டு வாலை நினைத்துக்கொண்டேன். ஒரு அரசாங்கம் வாலுக்குப் பணம் தர ஆரம்பித்தால் குதிரையை ஒழுங்காகக் கரை சேர்க்க வியாபாரிக்கு என்ன அவசரம்? அதற்கு இருநூறு ஆண்டு முன்னால் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் வருட முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார். லாடம் கட்டவோ வைத்தியம் பார்க்கவோ தெரிந்த ஆட்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இந்த நாட்டுக்கு வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார். செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம்.

நரியைப் பரியாக்கிய கதை நமக்குத் தெரியும். மாணிக்கவாசகருக்காகச் சிவன் குதிரை வணிகராக வந்து, நரிகளைக் குதிரையாக்கிப் பாண்டியனிடம் விற்றுப் போகிறார், இரவில் அவை மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த நல்ல குதிரைகளைக் கடிக்கின்றன. இனத்தை மாற்றி விற்ற கதைகளில் இது ரொம்பப் பழையது. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. ஒப்படைக்கும்போது கயிறு மாற்றுகிறார்கள். கயிறு மாறிய பிறகு குதிரைக்கு என்ன ஆனாலும் விற்றவன் பொறுப்பில்லை. இன்றைக்கும் மாட்டுச் சந்தையில் அப்படித்தான். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவருவான், விற்றவன் பழைய கயிற்றைத் தன்னோடு எடுத்துப்போவான்.

2019இல் நன்னா படுத்த படுக்கையானார். லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் கூட இருந்தேன். காது நன்றாகக் கேட்கும், நினைவும் தெளிவு. ஒரு மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"நன்னா, செவலையப் பழனிக்கா வித்தீங்க?"

கொஞ்ச நேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நொண்டிக் குதிரய யாருத்தா வண்டிக்கு வாங்குவா?"

"அப்ப?"

"ஒருத்தன் வந்தான். தோல்ஷாப்புப் பக்கம் பழக்கமுன்னு சொன்னான். ரெண்டாயிரம் குடுத்தான். கால்கூடப் பாக்கல அவன். பல்லையும் பாக்கல."

"எங்க கொண்டு போறேன்னு கேக்கலயா?"

"கேட்டிருந்தா சொல்லிருப்பான்லத்தா."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "கயிறு மட்டும் நம்மகிட்டதான் இருந்துச்சு" என்றார். அந்தக் கயிறு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரொம்ப நாள் எங்கள் கிணற்று வாளியில் கட்டியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் எண்ணெய் பிடித்துக் கறுத்திருக்கும், செவலையின் கழுத்து உரசிய இடம். அந்த ரெண்டாயிரத்தில்தான் எனக்கு ஆறாம் வகுப்புக்குத் திண்டுக்கல்லில் ஃபீஸ் கட்டினார்கள் என்பதை அம்மா அன்று ராத்திரி சொன்னது. நான் கேட்காமல்தான் சொன்னது.

நன்னா மூன்று மாதத்தில் போய்விட்டார். சென்னை திரும்பிய பிறகு அந்தப் பழைய திட்டத்தில் இன்னும் வேலை பார்க்கும் நண்பனுக்கு எழுதினேன். நான் மாற்றிய வரி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். மஞ்சள் முக்கோணம் இருப்பதே இப்போதைய ஆட்களுக்குத் தெரியாதாம், திரையின் அளவை மாற்றியபோது அது கீழே மறைந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி, எடைக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கி அனுப்பினேன். வெளியாள் அனுப்பியதை எங்கே ஏற்றுவது என்று தெரியவில்லை என்று பதில் வந்தது.

போன தை மாதம் பழனிக்குப் போயிருந்தேன். அடிவாரத்தில் இன்னும் குதிரை வண்டி ஓடுகிறது. தேவையே இல்லாமல் ஒன்றில் ஏறிக்கொண்டேன். வண்டிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். குதிரைக்கு என்ன வயது என்று கேட்டேன். வாங்கும்போது ஆறு என்று சொன்னார்கள் என்றார். யார் சொன்னார்கள்? விற்றவர்தான். வயதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க பத்திரிகையாண்ணே?" என்றார். இல்லை, எங்கள் நன்னா வண்டி ஓட்டினவர் என்றேன். அதன் பிறகு சாதாரணமாகப் பேசினார். கொள்ளு விலை, லாடம் அடிக்க ஆள் கிடைக்காதது, பேட்டரி வண்டி வந்து சவாரி குறைந்தது.

இறங்கும்போது, "வயசு கரெக்டாத் தெரியணும்னா பல்லப் பாருங்கண்ணே, உங்க தாத்தா சொல்லிக் குடுத்திருப்பார்ல" என்று குதிரையின் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். மஞ்சள் பற்கள், ஓரத்தில் தேய்ந்து, நடுவில் கறுப்பாகச் சின்னக் குழிகள். குதிரை மூச்சு என் கையில் பட்டது. எத்தனை வயது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.